ஈயத்துக்கு எந்த ஊர்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ஷாஃப்ட் ஒன்று கிரைண்டிங் மெஷினிலிருந்து இப்போதுதான் இறங்கியிருக்கிறது. டிராயிங் கொடுத்திருக்கும் டாலரன்ஸ் மிகக் குறுகலானது. விட்டம் 50.000-ஐத் தாண்டக் கூடாது, 49.984-க்குக் கீழே இறங்கவும் கூடாது. நடுவில் இருப்பது வெறும் 16 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் மைக்ரான்.

மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தால் 50.003 காட்டுகிறது. மூன்று மைக்ரான் கூடுதல். இன்னொரு பத்து மைக்ரான் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று புதிதாக வேலைக்கு வந்த பையனுக்குத் தோன்றும். பழைய ஆபரேட்டர் விடமாட்டார். “ஜாப் சூடா இருக்குப்பா, ஆறட்டும். அப்புறம் அளவு எடு” என்பார்.

அவர் பேச்சில் இருக்கும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 11.5 மைக்ரான் நீளும். 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட், கையிலுள்ள மைக்ரோமீட்டரைவிட 18 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், அதன் விட்டம் ஏறத்தாழ 10 மைக்ரான் பெருத்திருக்கும். அதாவது 50.003 என்று காட்டிய ஷாஃப்ட்டின் உண்மை அளவு 49.993. டாலரன்ஸுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும் நல்ல ஜாப் அது. பையன் சொன்னபடி பத்து மைக்ரான் எடுத்திருந்தால் ஆறியபின் 49.983 ஆகியிருக்கும். ஒரே ஒரு மைக்ரானில் ஸ்கிராப். கூடுதலாக இருப்பதைத் தேய்த்துக் குறைக்கலாம். தேய்ந்ததை ஒட்டவைக்க முடியாது.

இதில் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சூடான அந்த ஷாஃப்ட்டை அடுத்தடுத்துப் பத்துமுறை அளந்திருந்தால், பத்துமுறையும் 50.003-ஐ ஒட்டித்தான் காட்டியிருக்கும். அளவுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போயிருக்கும். அத்தனையும் தப்பாக இருந்திருக்கும். பதினோராம் வகுப்புப் பாடநூல் துல்லியத்தன்மை, நுட்பம் என்று இரண்டைத் தனித்தனியாகச் சொல்லித்தருவது இதற்காகத்தான். அளவுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பது நுட்பம். அவை உண்மை மதிப்பை நெருங்கி நிற்பது துல்லியத்தன்மை. கை நடுக்கத்தால் வரும் பிழை மேலும் கீழுமாக வரும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் குறைந்துவிடும். சூட்டினால் வரும் பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும். ஆயிரம்முறை அளந்தாலும் போகாது. பாடநூல் இதை முறையான பிழை என்கிறது. இதை ஒழிக்கக் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இதற்காகவே 20 டிகிரி செல்சியஸில் என்ன அளவோ அதுதான் அளவு என்று 1931-இல் உலகம் ஒப்புக்கொண்டது. சென்னைக்கு மேற்கே மே மாத மதியத்தில் எந்தப் பட்டறையும் 20 டிகிரியில் இருப்பதில்லை. ஆனாலும் அம்பத்தூரிலும் திருமழிசையிலும் நல்ல உதிரிபாகங்கள் தயாராகின்றன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இலேயே விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இதெல்லாம் எப்படி முடிந்தது என்பதற்குப் பட்டறையே வைத்திருக்கும் பதில், மாஸ்டர். அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு மாஸ்டர் துண்டை ஜாப்புக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபின், டயல் காஜை மாஸ்டரில் பூஜ்யம் வைத்துவிட்டு ஜாப்பில் வைக்கிறார்கள். முள் காட்டுவது வித்தியாசம் மட்டும். சூட்டினால் மாஸ்டரும் பெருத்திருக்கும், ஜாப்பும் அதே அளவு பெருத்திருக்கும். இரண்டுக்கும் பொதுவான பிழை கழிந்துபோகும். மிஞ்சும் வித்தியாசம் உண்மையானது.

மிஞ்சும் வித்தியாசத்தை நம்பலாம் என்கிற இந்த அறிவுதான் அணுவின் உள்ளறையைத் திறந்தது. அந்தக் கதையின் முக்கியமான ஒரு பகுதி இலங்கை மண்ணிலிருந்து வந்தது.

தராசு கண்ட அணு

பட்டறை மைக்ரோமீட்டரில் ஒரு கோடு என்பது 0.01 மில்லிமீட்டர். எஃகில் அடுத்தடுத்த இரண்டு இரும்பு அணுக்களின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் சுமார் 0.25 நானோமீட்டர். அந்த ஒரு கோட்டுக்குள் வரிசையாக 40,000 இரும்பு அணுக்கள் அடங்கிவிடும். எந்த மைக்ரோமீட்டராலும் அணுவைத் தொட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலாளர்களிடம் இருந்தது தராசு மட்டுமே.

ஓர் அணுவைத் தனியாக எடுத்து எடை போட அவர்களால் முடியவில்லை. ஆனால் சேர்மங்களில் தனிமங்கள் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்று பார்த்து, ஓர் அணு இன்னொன்றைவிட எத்தனை மடங்கு கனம் என்று கணக்கிட முடிந்தது. அப்படிக் கிடைத்ததுதான் அணு எடை. 1815-இல் லண்டனில் வில்லியம் பிரௌட் என்ற மருத்துவர் ஓர் அழகான கருத்தைச் சொன்னார். எல்லா அணு எடைகளும் ஹைட்ரஜனின் முழு எண் மடங்குகளாகத் தோன்றுகின்றன. ஆகவே எல்லா அணுக்களும் ஹைட்ரஜனால் ஆனவையாக இருக்கலாம். அளவுகள் கரடுமுரடாக இருந்த காலத்தில் அது பொருந்தியது. தராசு கூர்மையாகக் கூர்மையாகப் பொருந்தாமல் போயிற்று. குளோரின் 35-லும் நிற்கவில்லை, 36-லும் நிற்கவில்லை; 35.45-இல் பிடிவாதமாக நின்றது. பெல்ஜியத்தின் ழான் ஸ்டாஸ் பல ஆண்டுகள் பாடுபட்டு அளந்து, இந்தப் பின்னங்கள் பிழைகள் அல்ல என்று உறுதி செய்தார். பிரௌட்டின் கருத்து கைவிடப்பட்டது.

கைவிட்டது நேர்மையான முடிவு. ஆனால் குளோரினைப் போலன்றி எத்தனையோ தனிமங்கள் முழு எண்ணை ஒட்டியே இருந்தன. அது ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்க நூறாண்டு ஆயிற்று.

அவர்கள் எப்படி எடை போட்டார்கள் என்பதை ஈயத்தை வைத்தே பார்ப்போம். தூய ஈயக் குளோரைடை நிறுத்து எடுத்து, நீரில் கரைத்து, அதிலுள்ள குளோரின் முழுவதையும் வெள்ளிக் குளோரைடாக வீழ்படிவாக்க எத்தனை கிராம் வெள்ளி தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஈயத்தின் அணு எடை 207.2 என்றால் 5 கிராம் ஈயக் குளோரைடுக்கு 3.879 கிராம் வெள்ளி வேண்டும். ஈயம் கொஞ்சம் கனமாகி, அணு எடை 207.77 ஆகிவிட்டால், அதே 5 கிராமுக்கு 3.871 கிராம் வெள்ளி போதும். இரண்டுக்கும் வித்தியாசம் 8 மில்லிகிராம். தராசில் ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கைப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் வெள்ளியில் சிறிது அழுக்கு, வடிதாளில் சிறிது சேதாரம், உப்பில் சிறிது ஈரம் இருந்தால் இந்த 8 மில்லிகிராம் காணாமல் போய்விடும். ஹார்வர்டில் தியோடர் ரிச்சர்ட்ஸ் இந்த அழுக்கையும் சேதாரத்தையும் ஈரத்தையும் துரத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1914-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது அதற்காகத்தான்.

பாலங்கொடையின் கறுப்புக் கற்கள்

1903-இல் இலங்கையில் கனிமவள ஆய்வுத் துறை தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானவர் ஆனந்த குமாரசாமி. கொழும்புத் தமிழரான சர் முத்து குமாரசாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877-இல் பிறந்து, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்தவர். பிற்காலத்தில் நடராஜரின் தாண்டவம் பற்றி உலகத்துக்கு எடுத்துச்சொன்ன கலை வரலாற்றாளராகவே நாம் அவரை அறிகிறோம். பாறைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு சபரகமுவ மலைப்பகுதியில் அலைந்த இளம் நிலவியலாளரைப் பலருக்குத் தெரியாது.

அந்தப் பகுதியில் பாலங்கொடையை ஒட்டிய இடங்களில் இரத்தினக் கல் அரிக்கும் சரளை மண்ணில், கையில் எடுத்தால் கனக்கும் கறுப்பு நிறக் குட்டிக் கனசதுரங்கள் கிடைத்தன. 1904-இல் குமாரசாமி அவற்றை யுரேனியக் கனிமமான யுரேனினைட் என்று பதிவு செய்தார். தோற்றத்தில் அது நியாயமான முடிவு. லண்டனில் விண்டம் டன்ஸ்டன் அதைப் பகுத்து ஆராய்ந்தபோது, அதில் மிகுதியாக இருப்பது தோரியம் என்று தெரியவந்தது. உலகம் அதுவரை அறியாத அந்தக் கனிமத்துக்குத் தோரியனைட் என்று பெயர் வந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்ததைப் பகுப்பாய்வு வேறாகக் காட்டியது.

தோரியமும் யுரேனியமும் தாமாகவே சிதைபவை. ஒவ்வொரு படியிலும் அணு, ஓர் ஆல்பா துகளையோ ஒரு பீட்டா துகளையோ உமிழ்ந்து வேறு தனிமமாகிறது. ஆல்பா துகள் போனால் எடையில் 4 குறையும். பீட்டா துகள் போனால் எடை அநேகமாக மாறாது. யுரேனியம் 238 எட்டு ஆல்பா துகள்களை இழக்கிறது: 238-லிருந்து 32 போக 206. தோரியம் 232 ஆறு ஆல்பா துகள்களை இழக்கிறது: 232-லிருந்து 24 போக 208. இரண்டும் வந்து நிற்கும் இடம் ஈயம். அப்படியானால் யுரேனியத்தில் பிறந்த ஈயமும் தோரியத்தில் பிறந்த ஈயமும் எடையில் வேறுபட வேண்டும். நிறம், உருகுநிலை, கரையும் தன்மை எல்லாம் ஒன்றாக இருந்தும் எடை மட்டும் வேறாக இருக்கும் ஈயம்!

ஒரே தனிமத்தின் அணுக்கள் வெவ்வேறு எடையில் இருக்கலாம் என்று 1913-இல் துணிந்து சொன்னவர் கிளாஸ்கோவில் இருந்த ஃபிரெடெரிக் சாடி. அவற்றை ஐசோடோப்புகள் என்றார். ஒரு தனிமத்துக்கு ஓர் அணு எடை என்பது டால்டன் காலத்திலிருந்து வேதியியலின் அஸ்திவாரம். அதை அசைக்க வேண்டுமென்றால் தராசில் வைத்துக் காட்டியாக வேண்டும்.

தோரியனைட்டில் யுரேனியமும் கணிசமாகக் கலந்திருப்பதால் அதிலுள்ள ஈயம் இரண்டுங்கெட்டானாக இருக்கும். சாடிக்குத் தேவைப்பட்டது தோரியம் மிகுந்து யுரேனியம் குறைந்த கனிமம். இலங்கையிலிருந்தே அதுவும் வந்தது: தோரைட். 1914-இல் ஹைமன் என்பவரோடு சேர்ந்து சாடி செய்த முதல் அளவீட்டில், கையில் இருந்த ஈயக் குளோரைடு ஏறத்தாழ ஒரு கிராம்தான். விடை 208.4 என்று வந்தது. சாதாரண ஈயத்தைவிடக் கனம் என்பது தெரிந்தது. ஆனால் 208-ஐயே தாண்டிய அந்த எண்ணை அப்படியே நம்ப முடியவில்லை. பொருள் குறைவாக இருக்கும்போது சிறு பிழையும் விடையில் பெரிதாகத் தெரியும்.

சாடி அதோடு நிற்கவில்லை. தோரைட்டை மேலும் வரவழைத்து, கல் கல்லாகக் கையால் பொறுக்கி, 20 கிலோவிலிருந்து 80 கிராம் ஈயம் பிரித்தார். 1915-இல் அவர் தேர்ந்தெடுத்த வழி நம் பட்டறையின் மாஸ்டர் முறையேதான். ஈயத்தின் ஐசோடோப்புகளுக்கு வெளிப்புற எலக்ட்ரான் அமைப்பு ஒன்று என்றால், அணுக்கள் அடைத்துக்கொள்ளும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இடம் ஒன்று, எடை வேறு என்றால் அடர்த்தி அதே விகிதத்தில் மாற வேண்டும். சாதாரண ஈயத்தையும் தோரைட் ஈயத்தையும் ஒரேவிதமாக அளந்தார். சாதாரண ஈயத்தின் அடர்த்தி 11.346, தோரைட் ஈயத்தின் அடர்த்தி 11.376. நூற்றுக்குக் கால் பங்கு வித்தியாசம். இதிலிருந்து அவர் கணக்கிட்ட அணு எடை 207.74. பிறகு அதே ஈயத்தின் மாதிரி வியன்னாவில் ஓட்டோ ஹோனிக்ஷ்மிட்டுக்குப் போயிற்று. அவர் வேதியியல் முறையில் அளந்து கண்டது 207.77. அடர்த்தி ஒரு வழி, வெள்ளித் தராசு இன்னொரு வழி. இரண்டின் பிழைகளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் விடைகள் 0.03 வித்தியாசத்துக்குள் வந்து சந்தித்தன. தோரைட்டில் சிறிது யுரேனியமும் இருந்ததால் 208-ஐத் தொடாமல் சற்றுக் கீழேயே நின்றன.

எதிர்ப்பக்கச் சான்றும் தயாராக இருந்தது. ஹோனிக்ஷ்மிட்டோடு வேலை செய்த ஸ்டெஃபானி ஹோரோவிட்ஸ், போஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்து யுரேனியக் கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்து, 1914-இல் அதன் அணு எடை 206.7 என்று காட்டினார். ரிச்சர்ட்ஸும் அதே ஆண்டில் யுரேனியக் கனிம ஈயங்களில் இதே குறைவைக் கண்டார். இந்த ஈயங்களில் வேறு தனிமம் கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தை நிறமாலை தீர்த்தது. சாதாரண ஈயத்தின் கோடுகளே அவற்றிலும் தெரிந்தன. சாடிக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஹோரோவிட்ஸ் யூதர் என்பதால் 1942-இல் ட்ரெப்லிங்கா வதைமுகாமில் கொல்லப்பட்டார். அணுவின் உள்ளமைப்பைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அது.

உள்ளே என்ன இருக்கிறது?

இந்த அளவுகள் அணுவைப் பற்றிச் சொல்வது என்ன? அணுவுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டுக்கும் வேலை வேறு. நடுவே அணுக்கரு. 1911-இல் ரூதர்ஃபோர்டு அதை உய்த்துணர்ந்தார். அதன் விட்டம் அணுவின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் எடை அநேகமாக முழுவதும் அதில்தான். சுற்றிலும் எலக்ட்ரான்கள். ஓர் எலக்ட்ரானின் நிறை, புரோட்டானின் நிறையில் சுமார் 1,836-இல் ஒரு பங்கு. எடைக்கு அவை பொருட்டில்லை. ஆனால் வேதி வினைகள் எல்லாம் அவற்றின் கையில்.

அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான் அணு எண். எத்தனை புரோட்டானோ அத்தனை எலக்ட்ரான். ஈயத்துக்கு அது 82. 82 புரோட்டான் இருந்தால் அது ஈயம். அதில் மாற்றமே இல்லை. எடை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு முழு விடை 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தபோது வந்தது. தோரியத்தில் பிறந்த ஈயத்தில் 126 நியூட்ரான்கள். யுரேனியம் 238-இல் பிறந்த ஈயத்தில் 124. இரண்டே இரண்டு நியூட்ரான். வேதியியலுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் தராசுக்குத் தெரிந்தது.

குளோரினின் பின்னத்துக்கும் விடை கிடைத்தது. இயற்கையில் குளோரின் அணுக்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு 35 நிறையும், மீதி 37 நிறையும் கொண்டவை. 35.45 என்பது சராசரி. அந்த எடையில் ஓர் அணுகூடக் கிடையாது. பிரௌட்டின் உள்ளுணர்வில் ஒரு பாதி உண்மை இருந்தது. ஸ்டாஸின் தராசிலும் பிழை இல்லை.

செப்புத் திருமேனிகளின் சாட்சி

சாதாரண ஈயம் நான்கு ஐசோடோப்புகளின் கலவை: 204, 206, 207, 208. இவற்றில் 206 யுரேனியம் 238-லிருந்தும், 207 யுரேனியம் 235-லிருந்தும், 208 தோரியத்திலிருந்தும் காலங்காலமாகச் சேர்ந்துகொண்டே வருகின்றன. 204 மட்டும் அப்படிச் சேர்வதில்லை. ஆகவே ஒரு சுரங்கத்தின் ஈயத்தில் இந்த நான்கும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பது, அந்தப் பாறையின் வயதையும், அதற்கு அக்கம்பக்கத்தில் எவ்வளவு யுரேனியமும் தோரியமும் இருந்தன என்பதையும் பொறுத்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலிலும் தோரியம் இருக்கிறது. அதில் பிறக்கும் ஈயம் 208.

ஈயத்தை உருக்கலாம், செம்போடு கலக்கலாம், வார்க்கலாம். ஐசோடோப்புகள் வேதியியலில் ஒன்றே என்பதால், உலையால் அவற்றைப் பிரிக்க முடியாது. விகிதம் அப்படியே தங்கிவிடும். தென்னிந்தியத் திருமேனிகளை வார்த்த ஸ்தபதிகள் உலோகக் கலவையில் ஈயமும் சேர்த்தார்கள். தொல் உலோகவியல் அறிஞர் சாரதா ஸ்ரீநிவாசன் நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்திய உலோகத் திருமேனிகளின் ஈய ஐசோடோப்பு விகிதங்களை ஆராய்ந்து, எந்தத் திருமேனி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று வகைப்படுத்த அவற்றைப் பயன்படுத்தினார். அந்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. ஒரே காலத்து வார்ப்புகள் ஒரே மாதிரியான ஈயத்தைக் காட்டும்போது, பாணியை வைத்து மட்டும் சொல்லப்பட்ட காலக்கணிப்பை உலோகமே சரிபார்க்கிறது. குமாரசாமி நிலவியலாளராகப் பதிவு செய்த கனிமத்தின் தோரியமும், கலை அறிஞராகப் போற்றிய திருமேனிகளும் இப்படி ஒரே அறிவியலுக்குள் வந்து சேர்ந்தன.

ஈயத்துக்கு ஊர் உண்டு என்பதால், அதன் அணு எடையைத் தசமப் புள்ளிக்குப் பின் நீளமாக எழுத இன்று எவராலும் முடியாது. பாடநூல் 207.2 என்றுதான் நிறுத்துகிறது. உலக வேதியியலாளர்களின் அமைப்பு இப்போது ஈயத்துக்கு ஒற்றை எண்ணுக்குப் பதிலாக 206.14 முதல் 207.94 வரை என்ற இடைவெளியைத் தருகிறது. கருவிகள் மழுங்கிவிட்டதால் இப்படி ஆகவில்லை. இன்றைய கருவிகள் சாடியின் தராசைவிடப் பலமடங்கு கூர்மையானவை. எந்த ஈயம் என்று சொல்லாமல் மேலும் ஓர் இலக்கம் எழுதினால், அந்த இலக்கத்துக்குப் பொருள் இல்லை. முக்கிய எண்ணுருக்கள் என்று வகுப்பில் படிப்பதன் சாரம் இதுதான். எழுதும் ஒவ்வோர் இலக்கமும் ஒரு வாக்குறுதி. காப்பாற்ற முடிந்தவற்றை மட்டுமே எழுத வேண்டும்.

ஆகவே ஆய்வகத்தில் ஓர் அளவை எடுக்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். திரும்ப அளந்தால் எவ்வளவு மாறுகிறது? ஒரே பக்கமாகச் சாய்க்கும் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது? தெரிந்த ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாயிற்றா? மூன்றுக்கும் பதில் சொன்னபின்னும் ஒரு வித்தியாசம் மிஞ்சினால், அதைத் திருத்தி எழுதிவிடக் கூடாது. 207.2-க்கும் 207.77-க்கும் நடுவே மிஞ்சிய அரை அலகை யாராவது பிழை என்று தள்ளியிருந்தால், அணுக்கருவைப் பற்றிய நம் அறிவு தாமதப்பட்டிருக்கும்.

தராசால் சராசரியைத்தான் காட்ட முடியும். குளோரினில் 35-ஐயும் 37-ஐயும் தனித்தனியே நிறுத்திக் காட்ட வேறொரு கருவி வேண்டியிருந்தது. 1919-இல் கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் ஆஸ்டன் அதைக் கட்டினார். காந்தப்புலமும் மின்புலமும் அணுக்களை எடைவாரியாக எப்படிப் பிரிக்கின்றன என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.